சறுக்கி விழுந்த சாட்சி

மருந்துக்கடையில் நின்றுகொண்டு, இருமல் மருந்தைச் சாப்பாட்டுக்கு முன்னால் குடிப்பதா பின்னால் குடிப்பதா என்று யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்த அக்காவுக்கு அந்தப் போன் வந்ததோடு போன வாரம் விட்டோம்.

"உங்க அப்பா பஸ் ஸ்டாப்புல விழுந்துட்டாருங்க. நெத்தியில ரத்தம். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம். உடனே வாங்க."

தெரியாத குரல். பின்னணியில் யாரோ ஒருவர் வலியில் முனகாமல், அதிகாரமாகத் திட்டிக்கொண்டிருந்தார். அப்பாதான். உயிருக்கு ஆபத்தில்லை என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

படிக்க விட்டுப்போனவர்களுக்கு ஒரு சின்ன முன்கதை. அக்கா மருந்துக்கடை வைத்திருக்கிறாள். உள்ளூர்ப் பத்திரிகையில் வாராவாரம் 'சுருக்' என்று ஒரு பத்தி எழுதுகிறாள். அவளுடைய ஒரே தம்பி நகராட்சித் துணைத்தலைவர். இவை எல்லாம் ஒரே குடும்பத்தில் நடப்பதுதான் இந்தக் கதையின் மொத்தத் தொல்லை.

தம்பியின் புதிய சாதனை, கடைத்தெரு பஸ் நிறுத்தத்தில் இருந்த மரப்பெஞ்சுகளைப் பிடுங்கிவிட்டு, முன்பக்கமாகச் சரிந்த இரும்புப் பெஞ்சுகளைப் போட்டது. போக்கிடம் இல்லாதவர்கள் அங்கே படுத்து ஊரின் அழகைக் கெடுக்கிறார்களாம். புதிய பெஞ்சுக்கு 'நவீன சாய்விருக்கை' என்று பெயர் சூட்டி, நாடா வெட்டி, தம்பியின் பெயரைப் பெரிதாகச் செதுக்கிய கல்வெட்டும் வைத்தாயிற்று. இந்த ஊரில் கல்வெட்டு இல்லாத ஒரே இடம் பொதுக் கழிப்பறை. கழிப்பறையே இல்லை என்பதுதான் காரணம்.

அக்கா சும்மா இருப்பாளா? எழுதினாள்.

"உட்காரவே முடியாத பெஞ்சை நம் நகராட்சி கண்டுபிடித்திருக்கிறது. பாராட்டுவோம். அடுத்ததாகக் குடிக்கவே முடியாத தண்ணீரைக் கண்டுபிடிக்கலாம் என்று யோசனை சொல்ல நினைத்தேன். குழாயைத் திறந்து பார்த்தேன். அதை முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள்."

ஊர் சிரித்தது. தம்பி அக்கா வீட்டுக்கு வருவதை நிறுத்தினான். அப்பா அக்காவுடன் பேசுவதையே நிறுத்தினார்.

இனி அந்த நாள்.

அப்பா ஆஸ்பத்திரி நடைவழியில் ஒரு தள்ளுகட்டிலில் கிடந்தார். நெற்றியில் தையல். வலது மணிக்கட்டு வீங்கி வேறு யாருடைய கையோ போல இருந்தது. அக்காவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தார். கழுத்து வலித்தது. திருப்ப முடியவில்லை.

"வந்துட்டியா? சந்தோஷமா இருக்குமே உனக்கு."

"எதுக்குப்பா சந்தோஷம்?"

"எழுதறதுக்கு விஷயம் கிடைச்சிடுச்சில்ல."

இத்தனை நாள் மௌனத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் பேச்சு இது. அக்கா கட்டில் ஓரத்தில் நின்று வீங்கிய விரல்களைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தன.

"எப்படி விழுந்தீங்க?"

"எப்படி விழுவாங்க? உட்கார்ந்தேன். பேப்பரைப் பிரிச்சேன். தூறல் வேற. சர்ருன்னு வழுக்கிட்டு வந்துடுச்சு. பிடிச்சுக்க ஒரு கம்பி இருக்கா, கட்டை இருக்கா? ஒண்ணும் கிடையாது."

"உங்களுக்கு அந்தப் பஸ் ஸ்டாப்புல என்ன வேலை? அங்கேர்ந்து நீங்க எந்த பஸ்ஸுலயும் போறதில்லையே."

அப்பா கூரையைப் பார்த்தார். என்ன வேலை என்று அக்காவுக்குத் தெரியும். மகனின் பெயர் செதுக்கிய கல்லைப் பார்க்கப் போயிருப்பார். பார்த்துவிட்டு, மகன் போட்ட பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும் என்று தோன்றியிருக்கும்.

"யார் கூட்டிட்டு வந்தாங்க?"

"பலூன் விக்கிறவன் ஒருத்தன். அவன் துண்டைத்தான் நெத்தியில கட்டினான். ஒரே அழுக்கு. கேளு டாக்டர்கிட்ட, செப்டிக் கிப்டிக் ஆயிடாதே?"

"அவர் எங்க இப்ப?"

"போயிட்டான். இங்கயே நிக்கச் சொல்றியா?"

எக்ஸ்ரே எடுத்தார்கள். மணிக்கட்டில் எலும்பு முறிவு. மாவுக்கட்டுப் போட்டு, வார்டில் ஜன்னல் பக்கம் படுக்கை கொடுத்தார்கள். ஊசி மருந்து வாங்க அக்கா கீழே போனாள்.

அவள் திரும்பி வருவதற்குள் தம்பி வந்துவிட்டான்.

தம்பி எந்த இடத்துக்கும் வருவதில்லை, எழுந்தருளுவான். முன்னால் வழி விலக்க ஒருவர், பின்னால் போனில் பேசிக்கொண்டே இரண்டு பேர், பக்கவாட்டில் உள்ளூர்ச் சேனல் நிருபர். துவைத்துக் கஞ்சி போட்ட சட்டை, அதே கஞ்சியில் முக்கி எடுத்தது போன்ற முகம். கட்டிலில் கிடப்பது பெற்ற தகப்பன் என்பதையும், கேமரா எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் ஒரே சமயத்தில் நினைவில் வைத்திருக்க அவனால் முடிந்தது. அதற்குத்தான் இவ்வளவு சின்ன வயதில் துணைத்தலைவர் ஆகியிருக்கிறான்.

அக்கா வார்டு வாசலை அடைந்தபோது நிருபர் மைக்கை அப்பாவின் தாடைக்கு அருகில் நீட்டியிருந்தார்.

"ஐயா, என்ன நடந்ததுன்னு மக்களுக்குச் சொல்லுங்க."

அப்பா மைக்கைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். மகனின் முகத்தில் ஓர் அசைவு. பெஞ்சு என்ற வார்த்தை வந்துவிடுமோ என்ற பயம். பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் அட்டையை நீட்டும்போது அவன் முகம் எப்படி இருக்குமோ, அப்படியே இருந்தது. இது அக்காவுக்கும் தெரிந்தது. அப்பாவுக்கும் தெரிந்தது.

"தள்ளிட்டாங்க" என்றார் அப்பா.

வார்டில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

"யாருங்க ஐயா?"

அப்பா மாவுக்கட்டைப் பார்த்தார்.

"அங்க பலூன் விக்கிற ஆள் ஒருத்தன் ராத்திரியில படுப்பானாமே. அவனா?"

"அவனாத்தான் இருக்கும்."

"பணம் பறிக்க முயற்சி பண்ணினானா?"

"இருக்கும்."

முப்பது வருஷத்துக்கு மேல் கோர்ட்டில் பெஞ்சு கிளார்க்காக இருந்தவர். கூண்டில் ஏறும் ஒவ்வொருவருக்கும் 'நான் சொல்வதெல்லாம் உண்மை' என்று சொல்லிக் கொடுத்தவர். பொய் சாட்சி சொன்னவர்களைப் பற்றி ராத்திரிச் சாப்பாட்டின்போது காறித் துப்பாத குறையாகப் பேசியவர். 'இருக்கும்' என்பது சாட்சியமே இல்லை என்று இந்தப் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான்.

அக்கா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"அப்பா! இப்பத்தானே வழுக்கிட்டேன்னு என்கிட்ட சொன்னீங்க?"

நிருபர் கேமராவை அணைத்த வேகம் இருக்கிறதே, தீயணைப்புக்காரர்களுக்குக்கூட அவ்வளவு வேகம் வராது.

"பெரியவரு அதிர்ச்சியில இருக்காருக்கா. தொந்தரவு பண்ணாதீங்க" என்றார் வழி விலக்க வந்தவர்.

"நீங்க யாரு?"

அவர் தம்பியைப் பார்த்தார். தான் யார் என்பதையும் தம்பியே சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

"அக்கா, இப்ப வேணாம்" என்றான் தம்பி தணிந்த குரலில். "அப்புறம் பேசலாம்."

அப்பா கண்களை மூடிக்கொண்டார்.

செய்தி ஊருக்குள் பரவ வெகுநேரம் ஆகவில்லை. 'துணைத்தலைவரின் தந்தை மீது நடைபாதைவாசி கொலைவெறித் தாக்குதல்.' தள்ளியது மதியத்துக்குள் அடியாக மாறியது. அடி, அரைமணி நேரத்தில் கத்தியாக மாறியது. கத்திக்கு வெளியூர்த் தொடர்பு இருப்பதாக ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதினார். ஆராயாமல் எதையும் நம்பாதே என்று மாணவர்களுக்கு ஆயுள் முழுவதும் விஞ்ஞானம் நடத்தியவர். 'பெஞ்சைக் கிண்டல் செய்த அறிவுஜீவிகள் இப்போது எங்கே?' என்று இன்னொருவர் கேட்டிருந்தார்.

அறிவுஜீவி, பலூன்காரரைப் பிடித்து வைத்திருந்த போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் மரியாதையானவர். எழுந்து நின்று நாற்காலி போடச் சொன்னார். இந்த ஊரில் மரியாதை கிடைத்துவிட்டால் வேறு எதுவும் கிடைக்காது என்று அர்த்தம்.

"எங்க அப்பா வழுக்கி விழுந்தார் சார். என்கிட்டயே சொன்னார். அந்த ஆள்தான் தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கார்."

"உங்க அப்பா டிவியில வேற மாதிரி சொல்றாரே மேடம்."

"கொள்ளையடிக்க வந்தவன் யாராவது டாக்ஸி பிடிச்சு ஆஸ்பத்திரியில சேர்த்துட்டு, பொண்ணுக்குப் போனும் பண்ணுவானா?"

"நல்ல கேள்விதான்" என்றார் இன்ஸ்பெக்டர் மனமார. "ஆனா இதை நான் கேட்க முடியாது பாருங்க. உங்க தம்பி ஆபீஸ்லேர்ந்து காலையிலேர்ந்து போன் மேல போன். நாளைக்குக் காலையில கோர்ட்ல ஆஜர் பண்ணியாகணும். உங்க அப்பா வாயைத் திறந்து இல்லைன்னு சொன்னா, நான் எதுக்கு வச்சிருக்கப் போறேன்?"

பலூன்காரர் உள்ளே சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். சட்டையின் தோள்பட்டையில் அப்பாவின் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. அக்காவை ஏற இறங்கப் பார்த்தார்.

"பொண்ணா?"

"ஆமா."

"ஆளு ஒல்லியாத் தெரியிறாரு, ஆனா நல்ல கனம். தூக்கினதுல எனக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு."

"என்னை மன்னிச்சிடுங்க. எங்க அப்பா..."

"மன்னிச்சு நான் என்னம்மா பண்றது? என் பலூன் கேஸ் சிலிண்டரை முற்றத்து வெயில்ல போட்டு வச்சிருக்காங்க. வெடிச்சா ஸ்டேஷனே இருக்காது. அதையாவது நிழலுக்கு எடுக்கச் சொல்லுங்க. நான் சொன்னா அதுக்கும் ஒரு கேஸ் போடுவாங்க."

அக்கா சொன்னாள். ஒரு கான்ஸ்டபிள் அலறியடித்துக்கொண்டு ஓடினார்.

"பெஞ்சைப் பத்திப் பத்திரிகையில எழுதினது நீங்கதானே?" என்றார் பலூன்காரர்.

"ஆமா. படிச்சீங்களா?"

"அங்க படுக்கிறவங்களுக்கெல்லாம் நான்தான் படிச்சுக் காட்டினேன். வயிறு குலுங்கச் சிரிச்சோம். மறுநாள் ரெண்டு போலீஸ்காரங்க கூடுதலா வந்து விரட்டினாங்க. முதல்ல பெஞ்சு மட்டும்தான் போச்சு. நீங்க எழுதினதுக்கு அப்புறம் தரையும் போச்சு."

அக்காவுக்கு முகம் சுண்டிப்போனது. அவர் குறை சொல்லும் தொனியில்கூடச் சொல்லவில்லை. மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

"நாளைக்கே வெளிய விட்டாலும் ஒண்ணு மட்டும் நிச்சயம்" என்றார். "இனிமே எவன் விழுந்தாலும் நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு பலூன் ஊதிக்கிட்டிருப்பேன். உங்க அப்பாகிட்ட சொல்லிடுங்க."

ஸ்டேஷனிலிருந்து நேராகப் பத்திரிகை அலுவலகம். ஆசிரியர் மேஜைக்குப் பின்னால் பதுங்கியிருந்தார். அக்கா நடந்ததைச் சொல்லச் சொல்ல, அவர் தன் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு பேனாவைத் துடைத்தார். துடைக்க மேஜையில் வேறு பொருள் இல்லாமல் போனபோது பேசினார்.

"பயங்கரமான விஷயம் மேடம். நெஞ்சை உலுக்குது."

"இந்த வாரப் பத்தி இதுதான். சாயங்காலம் அனுப்பறேன்."

"அனுப்புங்க, அனுப்புங்க. ஆனா பாருங்க, நமக்குன்னு ஒரு பொறுப்பு இருக்கு."

"யாருக்குப் பொறுப்பு?"

ஆசிரியரின் கண்கள் அவரையும் மீறி மேஜையில் கிடந்த இந்த வாரப் பிரதியின் கடைசிப் பக்கத்துக்குப் போயின. பக்கம் முழுவதும் தம்பி கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தான். நகராட்சி விளம்பரம்.

"கொசுத் தொல்லை பத்தி எழுதுங்களேன்" என்றார் ஆசிரியர் கெஞ்சலாக. "உங்க நடையில கொசு பிரமாதமா வரும். கொசுவுக்கு எந்தக் கட்சியும் கிடையாது."

"உங்களுக்கும் இல்லைன்னுதான் இவ்வளவு நாள் நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்று எழுந்தாள் அக்கா. "கொசுவாவது ரத்தத்தைப் பார்த்தா கிட்ட வரும்."

ஆசிரியர் சிரித்தார். தன்னைத் திட்டுகிறார்கள் என்று புரிந்தபிறகும் நல்ல வாக்கியத்துக்குச் சிரிக்கும் பழக்கம் அவரிடம் இன்னும் மிச்சமிருந்தது. அவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல அது ஒன்றுதான் உண்டு.

ஆஸ்பத்திரி வாகன நிறுத்தத்தில் தம்பி தனியாக அகப்பட்டான். காருக்குள் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். அக்கா முன்கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வெக்கமா இல்லையாடா உனக்கு?"

"ஆரம்பிச்சிட்டியா?"

"பெத்த அப்பாவைப் பொய் சொல்ல வச்சிருக்கே. ஒரு பாவப்பட்ட மனுஷனை உள்ள தள்ளியிருக்கே. எதுக்கு? ஒரு கேடுகெட்ட பெஞ்சுக்கு."

தம்பி பிஸ்கட்டை மெல்வதை நிறுத்தினான்.

"நான் சொல்ல வச்சேனா?"

"பின்னே?"

"அக்கா, நான் வார்டுக்குள்ள வந்து ஒரு வார்த்தை பேசலை. அந்தச் சேனல்காரன் என்னை முந்திக்கிட்டு மைக்கை நீட்டிட்டான். பெஞ்சுன்னு சொல்லிடப் போறாரேன்னு எனக்குக் குலை நடுங்கிச்சு, அது உண்மை. ஆனா அவரா சொன்னாரு. தள்ளிட்டாங்கன்னு அவராதான் சொன்னாரு. அந்த நிமிஷம் வரைக்கும் நானே அவர் எப்படி விழுந்தாருன்னு கேட்கலை."

"சரி, நீ சொல்ல வைக்கலை. பொய்யின்னு தெரிஞ்சதும் என்ன பண்ணினே?"

"என்ன பண்ணச் சொல்றே? எங்க அப்பா பொய் சொல்றாருன்னு கேமரா முன்னாடி சொல்லவா?"

"ஆமா."

"உனக்கு அது சுலபம். உனக்கு எல்லாமே ஒரு பத்தி." அவன் பிஸ்கட் பாக்கெட்டைக் கசக்கி ஜன்னல் வழியாக வீசினான். 'தூய்மை நம் கடமை' என்ற நகராட்சிப் பலகையின் காலடியில் போய் விழுந்தது. "மேலிடத்துலேர்ந்து போன் வந்துச்சு. ஊர்ல அனுதாபம் இருக்காம். அடுத்த தேர்தல்ல தலைவர் சீட்டுக்கே என் பேரைச் சொல்றாங்களாம்."

சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதை மறைக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. தூக்கிவிட்ட மனுஷன் லாக்கப்பில், பெற்ற தகப்பன் மாவுக்கட்டில், இவன் கண்ணில் நாற்காலி. அக்காவுக்கு அவன் மேல் வந்தது கோபம்கூட இல்லை. கோபப்படுவதற்கு எதிரே ஒரு ஆளாவது இருக்க வேண்டும்.

"இறங்கறேன்" என்றாள். "உன் பக்கத்துல உட்கார்ந்தாலே வழுக்குது."

சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் இன்ஸ்பெக்டர் பலூன்காரரை வார்டுக்கே அழைத்து வந்தார். அடையாளம் காட்ட வேண்டுமாம். ஒரு பக்கம் கான்ஸ்டபிள், இன்னொரு பக்கம் தம்பி, தம்பிக்குப் பின்னால் அவனுடைய வால்கள். கட்டிலின் தலைமாட்டில் அக்கா.

"ஐயா, நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. இவனா?"

அப்பா நிமிர்ந்து பார்க்கவில்லை. மாவுக்கட்டின் விளிம்பில் பிசிறாக நின்ற நூலை இடது கையால் இழுத்துக்கொண்டிருந்தார்.

"தெரியலை" என்றார். "கண்ணாடி உடைஞ்சு போச்சு. கண்ணாடி இல்லாம எனக்கு முகம் தெரியாது."

"கண்ணாடி உடையலை" என்றார் பலூன்காரர்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"தரையில கிடந்தது. ஒரு கீறல்கூட இல்ல. நான்தான் எடுத்துத் துடைச்சு அவரு சட்டைப்பையில வச்சேன்."

ரத்தம் படிந்த சட்டையை நர்ஸ் காலையிலேயே ஒரு பையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார். அக்கா குனிந்து பையைப் பிரித்தாள். சட்டைப்பையில் கையை விட்டாள். கண்ணாடியை எடுத்து, தன் உடையின் ஓரத்தால் ஒருமுறை துடைத்து, அப்பாவின் இடது கையில் வைத்தாள்.

"போட்டுப் பாருங்கப்பா."

வார்டே அவரைப் பார்த்தது. பக்கத்துக் கட்டில்காரர் இருமலைக்கூட அடக்கிக்கொண்டார்.

அப்பா கண்ணாடியைப் போடவில்லை. விரல்களுக்குள் மூடிக்கொண்டார்.

"தலை சுத்துது" என்றார்.

"ஐயாவுக்கு ஓய்வு வேணும்" என்று பாய்ந்தான் தம்பி.

"ஆமாமா, ஓய்வு வேணும்" என்றார் இன்ஸ்பெக்டரும், தன் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போன நிம்மதியில். "இப்போதைக்கு இவன் எங்ககிட்டயே இருக்கட்டும். ஐயாவுக்குக் காலையில தெளிஞ்சா ஒரு போன் பண்ணுங்க. இல்லைன்னா கோர்ட் பார்த்துக்கும்."

பலூன்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தார்.

கூட்டம் கலைந்தது. தம்பி எல்லோரையும் வழியனுப்பக் கீழே போனான். நர்ஸ் வந்து ஜுரம் பார்த்துவிட்டுப் போனார். அக்கா ஸ்டூலை இழுத்துப்போட்டுக் கட்டிலுக்கு அருகில் உட்கார்ந்தாள்.

"அவன் சொல்லச் சொல்லலை, இல்லப்பா? நீங்களா சொன்னதுதானே?"

"நானாத்தான் சொன்னேன்."

மழுப்புவார் என்று எதிர்பார்த்திருந்தாள்.

"ஏம்ப்பா?"

"ஏனா? வாராவாரம் நீ எழுதறே. ஊரே படிக்குது. சலூன்ல படிக்கிறான், டீக்கடையில படிக்கிறான். நான் போனா பேச்சை நிறுத்திட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். நீ எழுதறது எல்லாம் சரிதான். ஒரு தப்பு இல்ல. அவன் ஒரு முட்டாள்னு எனக்குத் தெரியாதா? பெத்தவன் எனக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடும்?" மூச்சு வாங்கியது அவருக்கு. "ஆனா ஊருல ஒரு ஆள் பாக்கியில்லாம அவனைப் பார்த்துச் சிரிச்சா, அவன் பக்கம் நிக்க ஒருத்தனாவது வேண்டாமாடி?"

"நிக்கலாம்ப்பா. அதுக்கு இன்னொருத்தன் முதுகுல ஏறியா நிக்கணும்?"

அப்பா போர்வையின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டார்.

தம்பியை இளக்காரமாகப் பார்ப்பதில் அக்காவுக்கு ஒருநாளும் சிரமம் இருந்ததில்லை. காபி குடிப்பதுபோல ஒரு காலைப் பழக்கம் அது. இந்த மனுஷரை அப்படிப் பார்க்க அவளுக்குப் பழக்கமில்லை. காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். கண் எரிகிறது.

"நான் எழுதப் போறேன்ப்பா" என்றாள் கடைசியில். "பத்திரிகையில போடலைன்னா கடை வாசல்ல ஒட்டுவேன். மருந்து வாங்க வர்றவங்க எல்லாரும் படிக்கட்டும்."

"என் பேரைப் போடுவியா?"

"பேர் போட மாட்டேன். 'அப்பா'ன்னு போடுவேன்."

அவர் முகம் சுருங்கியது. தையல் போட்ட இடம் வலித்ததா, வேறு எதுவுமா, தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஆஸ்பத்திரிச் சமையல்காரர்கள் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அக்கா எழுந்து பையைத் தோளில் மாட்டினாள்.

"எழுதறதுன்னா சரியா எழுது" என்றார் அப்பா.

அக்கா நின்றாள்.

"பெரியவர் ஓரமா உட்கார்ந்தார், அதனால விழுந்தார்னு நகராட்சி இன்ஜினீயர் சொல்லுவான். அப்படித்தான் சொல்லுவானுங்க. நான் ஓரமா உட்காரலை. நல்லா நடுவுல, முதுகைச் சாய்ச்சு, ரெண்டு காலையும் தரையில ஊனித்தான் உட்கார்ந்தேன். அப்படியும் தள்ளிடுச்சு."

"இதை நாளைக்குக் கோர்ட்ல சொல்வீங்களா?"

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அக்காவைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி வாசலைப் பார்த்தார்.

வாசலில் தம்பி நின்றிருந்தான். கையில் அப்பாவுக்கு வாங்கி வந்த பால் பிளாஸ்க். கூட ஒருவரும் இல்லை. எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை.

"நடுவுலயாப்பா உட்கார்ந்தீங்க?" என்றான்.